பறவை என்ன தின்கிறது? உழவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கற்றுத்தந்த சலீம் அலி

பங்குனி பிறந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்களில் தண்ணீர் வேகமாக வற்றத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய நீர், வயலுக்குப் பாய்ந்தது போக நடுப்பள்ளத்தில் குட்டையாக நிற்கும். சுற்றிலும் சேறு. அந்தச் சேற்றில் நத்தையும் புழுவும் சிறு மீனும் தேடி நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கொக்கு, உள்ளான் எனப் பலவகைப் பறவைகள் கூடும். குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்த வாத்துகளும் உள்ளான்களும் ஊர் திரும்பும் முன் நன்றாக உண்டு உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் காலமும் இதுதான். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முதல் வாரம் வரை கண்மாய்க் கரையில் காலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், ஆண்டு முழுவதும் காணாத பறவைகளைக் காணலாம்.

ஆனால் பறவைகள் விஷயத்தில் விவசாயிக்கு எப்போதும் இரண்டு மனம். உழவு மாட்டின் பின்னாலும் டிராக்டரின் பின்னாலும் உண்ணிக்கொக்கு புழு பொறுக்கினால் மகிழ்ச்சி. விதைத்த நிலக்கடலையை மயில் கிளறினால் கோபம். கதிர் முற்றும்போது குருவிக் கூட்டம் இறங்கினால் தகர டப்பாவும் பட்டாசும் கைக்கு வந்துவிடும். எதை விரட்டுவது, எதை விட்டுவைப்பது என்ற இந்தக் கேள்விக்கு, அனுமானத்தால் அல்லாமல் நேரில் பார்த்தும் எண்ணியும் குறித்தும் பதில் தேட வேண்டும் என்று சொன்னவர் சலீம் அலி. இந்தியாவின் பறவை மனிதர் என்று உலகம் அறிந்த அவருடைய வாழ்க்கையில் வயலுக்கும் கண்மாய்க்கும் பயன்படும் பாடங்கள் நிறைய உண்டு. அவர் சறுக்கிய இடமும் அதில் ஒரு பாடம்.

மஞ்சள் தொண்டைக் குருவி

சலீம் அலி 1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தியாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் அவரை வளர்த்தனர். அது வேட்டையில் விருப்பமுள்ள வீடு. சிறுவன் சலீமின் கைக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி வந்தது. குருவி சுடுவது அன்று அவருக்கு விளையாட்டு.

ஒருநாள் அவர் சுட்டு விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. வீட்டுச் சிட்டுக்குருவிக்கு அப்படி இருக்காது. அது என்ன பறவை, அதை உண்ணலாமா என்ற சந்தேகம் வந்தது. மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துச் சிறுவனை அனுப்பிவைத்தார். கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயர். அந்தக் குருவியின் பெயரைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார், படிக்கப் புத்தகம் கொடுத்தார், பறவையைப் பாடம் செய்யவும் சொல்லிக்கொடுத்தார். ஒரு சிறுவனின் கேள்வியை ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டதால் இந்தியாவுக்கு ஒரு பறவை அறிஞர் கிடைத்தார். 1985-ல் வெளிவந்த தன் வரலாற்று நூலுக்கு அந்தக் குருவி விழுந்ததையே பெயராக வைத்தார் சலீம் அலி.

பட்டம் இல்லாத அறிஞர்

படிப்பு அவருக்கு எளிதாக அமையவில்லை. கல்லூரியின் முதல் ஆண்டிலேயே தடுமாறி, 1914-ல் பர்மாவின் தவாய்க்குப் போனார். அங்கே குடும்பத்துக்குச் சுரங்கத் தொழிலும் மரத் தொழிலும் இருந்தன. தொழிலைவிடக் காட்டுப் பறவைகளிடம்தான் அவர் மனம் போனது. 1917-ல் திரும்பி வந்து வணிகமும் கணக்கும் படித்தார். கூடவே புனித சேவியர் கல்லூரியில் விலங்கியலும் பயின்றார். 1918-ல் தெஹ்மினாவை மணந்தார்.

பறவை ஆய்வாளர் வேலைக்கு முயன்றபோது முறையான பட்டம் இல்லை என்பது தடையாக வந்தது. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கைப் பிரிவில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. 1928-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் பெர்லின் நகருக்குப் போய் ஸ்டிரெஸ்மான் என்ற பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி அதன் பயணத்தைக் கண்டறியும் முறையையும் அங்கேதான் கற்றார்.

1930-ல் ஊர் திரும்பியபோது, நிதி இல்லை என்று சொல்லி அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. வேலையும் வருமானமும் இல்லாமல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் மனைவியின் குடும்பத்துக்குச் சொந்தமான சிறு வீட்டில் குடியேறினார். அவர் பெயரை உலகம் அறியச் செய்த முதல் ஆய்வு அந்த வேலையற்ற நாட்களில்தான் நடந்தது.

தூக்கணாங்குருவியும் புல்லுருவியும்

கிஹிமில் வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. நம் ஊரில் கிணற்றோரத் தென்னையிலும் பனையிலும் கருவேலத்திலும் தொங்குகிற அதே கூடுகள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கூடு கட்டிக் குடும்பம் நடத்துவதாக அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். சலீம் அலி மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். கூட்டைக் கட்டுவது ஆண். பாதி கட்டிய நிலையில் பெண் குருவிகள் வந்து கூட்டைச் சோதிக்கும். பிடித்தால் ஏற்றுக்கொள்ளும், பிடிக்காவிட்டால் போய்விடும். ஒரு பெண் ஏற்றதும் ஆண் அந்தக் கூட்டைக் கட்டி முடிக்கும். அது முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டைக் கட்டி இன்னொரு பெண்ணை அழைக்கும். மரத்தில் பாதியில் நிற்கும் கூடுகள், பெண் குருவி ஏற்காமல் விட்டவை. இந்த ஆய்வை 1931-ல் வெளியிட்டார். பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒரே மரத்தைப் பருவம் முழுவதும் பார்க்கும் பொறுமை போதுமாக இருந்தது.

அதே காலத்தில் கொங்கண் கரையின் மரங்களில் தொற்றும் புல்லுருவியையும் கவனித்தார். ராஜபாளையம் மாந்தோப்பு விவசாயிகளுக்குப் புல்லுருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று பெயர்பெற்ற மரங்களின் கிளைகளில் வேரூன்றிச் சாற்றை உறிஞ்சி, கிளையைப் பட்டுப்போகச் செய்யும் ஒட்டுண்ணி அது. அது மரத்துக்கு மரம் எப்படிப் பரவுகிறது என்பதில் இரண்டு பறவைகளுக்குப் பங்கு இருப்பதைச் சலீம் அலி விளக்கினார். தேன்சிட்டு அதன் பூவில் தேன் குடிக்கும்போது மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. பூங்கொத்தி என்னும் மிகச் சிறிய குருவி அதன் பழத்தைத் தின்கிறது. பசைபோல ஒட்டும் விதையைக் கழிக்கும்போது கிளையில் தேய்த்துவிட்டுப் போகிறது. அங்கேயே விதை முளைக்கிறது.

இதிலிருந்து விவசாயிக்குக் கிடைக்கும் செய்தி, குருவியை விரட்ட வேண்டும் என்பதல்ல. தோப்பில் பூச்சி பொறுக்குகிற குருவியும் அதே குருவிதான். புல்லுருவி பழுக்கும் முன்பே, அது ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே கிளையை வெட்டி அப்புறப்படுத்திவிட்டால் பறவைக்குக் கொண்டுபோக விதை இருக்காது. பறவை செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால், நாம் எந்த நேரத்தில் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம்

சம்பள வேலை கிடைக்காத சலீம் அலி புதிய வழி ஒன்றைக் கண்டார். சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம், பயணச் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார். 1931-ல் ஹைதராபாத் சமஸ்தானத்தில் வேலை தொடங்கியது. 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் முறை வந்தது. மறையூர், தட்டேக்காடு, குமுளி, தென்மலை என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகக் கூடாரம் அடித்துத் தங்கினார். தெஹ்மினாவும் உடன் சென்று முகாம் வேலைகளைக் கவனித்துக்கொண்டார். பின்னாளில் தட்டேக்காட்டில் 1983-ல் பறவைகள் சரணாலயம் அமைந்தது. அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அன்று அவர் நடந்த பெரியாற்றுக் காட்டின் கிழக்கு எல்லையைத் தொட்டபடிதான் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு இருக்கிறது. செண்பகத்தோப்பும் ராஜபாளையம் அய்யனார் கோயில் காடும் அதே மலையின் இந்தப் பக்கச் சரிவு. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயமாக்கப்பட்ட இந்தக் காடு, 2021-ல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமானது.

இந்த மலைக்கும் சலீம் அலிக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1948-ல் மேகமலையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர், பழம் தின்னும் வௌவால் ஒன்றைப் பிடித்துப் பம்பாய்க் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரணமாகக் காணப்படும் வௌவால் என்று நினைத்து அதை அலமாரியில் வைத்துவிட்டார்கள். சுமார் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1972-ல், தாய்லாந்து அறிஞர் ஒருவர் அதை ஆராய்ந்து, உலகில் வேறெங்கும் அறியப்படாத புதிய இனம் என்று கண்டறிந்தார். அதற்குச் சலீம் அலியின் பெயரை வைத்தார். பழம் தின்னி வௌவால்கள் நம் வனவிலங்குச் சட்டத்தில் நெடுங்காலம் தொல்லை தரும் உயிரிகள் பட்டியலில் இருந்தன. இந்த வௌவால் மட்டும் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் பரப்புவது வௌவால்கள் செய்யும் வேலை. அந்தக் காடு பிடித்துவைக்கும் மழைநீர்தான் ஓடைகளாக இறங்கி நம் கண்மாய்களை நிரப்புகிறது.

தெஹ்மினா 1939-ல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் எதிர்பாராமல் இறந்துபோனார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கமூவின் குடும்பத்துடன் தங்கிக்கொண்டு பறவை வேலையைத் தொடர்ந்தார். 1941-ல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கையேடு வெளிவந்தது. சாதாரண மக்கள் பறவையை அடையாளம் காண உதவிய அந்த நூல், அதன் பிறகு பல பதிப்புகளைக் கண்டது.

நண்பனா, பகைவனா?

விவசாயத்துக்கும் பறவைக்கும் உள்ள உறவைப் பற்றி 1936-லேயே சலீம் அலி விரிவான கட்டுரை எழுதினார். ஒரு பறவை பயிருக்கு நண்பனா பகைவனா என்று முடிவு செய்ய, அது ஒரு வாரம் வயலில் இறங்கியதை மட்டும் பார்த்தால் போதாது. ஆண்டின் எல்லா மாதங்களிலும் அது என்ன தின்கிறது, குஞ்சுக்கு என்ன ஊட்டுகிறது, எந்த ஊரில் எந்தப் பயிரில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதுதான் அவர் நிலைப்பாடு. பறவை பாவம் என்ற இரக்கத்தின் பேரில் அவர் பேசவில்லை. வரவு எத்தனை, செலவு எத்தனை என்று கணக்குப் பார்க்கச் சொன்னார்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சூறைக்குருவியை எடுத்துக்கொள்வோம். சோளக்குருவி என்றும் சொல்வார்கள். இளஞ்சிவப்பு உடலும் கறுப்புத் தலையுமாக, மாலையில் கண்மாய்க்கு மேலே புகைமூட்டம்போலச் சுழன்று அடையும் பறவை. ஆடி, ஆவணியில் வரத் தொடங்கிச் சித்திரைக்குள் புறப்பட்டுவிடும். சோளக் கதிரில் இறங்கினால் இழப்புதான். அதே பறவை இலவம், கல்யாண முருங்கைப் பூக்களில் தேன் குடித்து மகரந்தத்தைப் பரப்புகிறது. தன் ஊரான மத்திய ஆசியாவுக்குத் திரும்பியதும் குஞ்சுகளை வெட்டுக்கிளி ஊட்டியே வளர்க்கிறது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில், வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்துவதற்காகவே இந்தப் பறவை கூடு கட்டக் கற்குவியல்கள் அமைத்துக் கொடுக்கிறார்கள். இங்கே நாம் விரட்டுகிற பறவைக்கு அங்கே வீடு கட்டித் தருகிறார்கள்.

கணக்குப் பார்க்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சீனாவே சாட்சி. 1958-ல் தானியம் தின்னும் சிட்டுக்குருவியைப் பகையென்று அறிவித்து நாடு முழுவதும் கொன்றார்கள். பயிரில் பூச்சி பெருகியது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் சிட்டுக்குருவி பூச்சியைத்தான் அதிகம் பிடிக்கிறது என்பது அதன் பிறகே உறைத்தது. 1960-ல் பகைவர் பட்டியலிலிருந்து சிட்டுக்குருவியை நீக்கினார்கள்.

இந்தக் கணக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உழவன் பக்கம் நிற்கும் பறவைகளும் உண்டு. பருத்தி, உளுந்து வயல்களில் பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் கரிச்சான், இரவில் எலி பிடிக்கும் கூகை, நெல் வயலில் நத்தையைத் தின்னும் நத்தைகுத்தி நாரை, வெட்டுக்கிளி பொறுக்கும் மைனா, பனங்காடை ஆகியவை அவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளின் திருப்பாவையில் வரும் ஆனைச்சாத்தன் இந்தக் கரிச்சான்தான் என்று சொல்வார்கள். வயலில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை பறவைத் தாங்கிக் குச்சிகள் நடச் சொல்கிறது வேளாண் துறை. பயிருக்கு மேலே ஓர் அடி உயரம் இருக்கும்படி குறுக்குக் கட்டை கட்டிய குச்சி போதும். பகலில் கரிச்சான் உட்காரும், இரவில் ஆந்தை உட்காரும். கதிர் முற்றும் நேரத்தில் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகளுக்கும் அவையே வசதியாகிவிடும்.

கோடியக்கரையும் வளையம் மாட்டிய பறவைகளும்

கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகளையும் மனிதர்களையும் தாக்கிய புதிய காய்ச்சல் ஒன்று கண்டறியப்பட்டது. அதன் கிருமியைச் சுமக்கும் உண்ணிகள் வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டி வடநாடுகளிலிருந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பறவைகளைப் பிடித்து வளையம் மாட்டிப் பறக்கவிடும் பெரிய திட்டத்தைச் சலீம் அலி 1959-ல் தொடங்கினார். பறவைகளைக் காயப்படாமல் பிடிக்க, பிகாரின் மிர்ஷிகார் என்ற பரம்பரைப் பறவை பிடிப்பவர்களின் துணையை நாடினார். ஏட்டில் படித்தவர்களுக்குத் தெரியாத வித்தை அவர்களுடையது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1962-ல் அவர் கோடியக்கரைக்கு வந்தார். காவிரியின் கடைமடை ஆறுகள் கடலைச் சேரும் முத்துப்பேட்டை முகத்துவாரமும் அலையாத்திக் காடும், வேதாரண்யத்தின் பெரிய சதுப்பும், கோடியக்காடும் அடுத்தடுத்து அமைந்த இடம் அது. உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கும் சேற்றில் புழுவும் இறாலும் மீன் குஞ்சும் ஏராளம். அதனால் பூநாரை, கூழைக்கடா, பலவகை உள்ளான்கள் அங்கே குவிகின்றன. இந்த இடத்தின் அருமையை முதலில் பதிவுசெய்தவர் சலீம் அலிதான். 1967-ல் கோடியக்கரை சரணாலயமானது. 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பம்பாய்க் கழகம் அங்கே பல ஆண்டுகள் பறவைகளுக்கு வளையம் மாட்டியது. இந்தியாவில் வளையம் மாட்டப்பட்ட பறவைகள் சைபீரியா வரை போவது இத்தகைய வேலையால் உறுதியானது.

நம் வட்டாரத்துக்கும் ஒரு முகத்துவாரம் உண்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில் இறங்கும் ஓடைகளும் ஆறுகளும் கண்மாய்களை நிரப்பியபின் மிச்ச நீரை வைப்பாற்றில் சேர்க்கின்றன. வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வலசைப் பறவைக்கு மலையடிவாரக் கண்மாயும் கடலோரச் சேறும் தனித்தனி ஊர்கள் அல்ல. ஓரிடத்தில் நீர் வற்றினால் இன்னோரிடம் போகும். இடையில் உள்ள கண்மாய்கள் தூர்ந்துபோனால் பயணத்தில் இரை எடுக்க இடம் இருக்காது. கண்மாயில் நீர் நின்றால் ஆயக்கட்டுக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது. இந்த இடத்தில் உழவனின் தேவையும் பறவையின் தேவையும் ஒன்றுதான்.

மயிலும் கானமயிலும்

ராஜபாளையம் பக்கத்து விவசாயிகள் இன்று அதிகம் முறையிடுவது மயிலைப் பற்றித்தான். மயில் 1963-ல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. சலீம் அலியின் விருப்பம் வேறாக இருந்தது. திறந்த புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயிலைத் தேசியப் பறவை ஆக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். மயிலை மக்கள் ஏற்கெனவே போற்றிக் காக்கிறார்கள், அழிவின் விளிம்பில் நிற்பது கானமயில், அதற்குத்தான் நாட்டின் கவனம் வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் சொன்னது நடக்கவில்லை. ஒரு காலத்தில் தமிழகத்தின் மேய்ச்சல் புல்வெளிகளிலும் இருந்த கானமயில் இன்று இங்கே இல்லை. நாட்டிலேயே மிகக் குறைவாகத்தான் மிஞ்சியுள்ளது.

மயில் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் உள்ள பறவை. அதற்கு விஷம் வைப்பது குற்றம். அந்த விஷத்தில் நாட்டுக்கோழியும் நாயும் கூடச் சாகும். விதைத்த முதல் பத்து நாட்களும் கதிர் முற்றும் நாட்களும்தான் மயிலால் சேதம் அதிகமாகும் காலம். அந்த நாட்களில் மட்டும் பழைய சேலை, மீன் வலை, பளபளக்கும் நாடா ஆகியவற்றை வரப்பில் கட்டிக் காவல் இருந்தால் சேதத்தைக் குறைக்கலாம். சேதத்தைத் தேதி, பரப்பு, படத்துடன் வனத்துறையிடம் எழுத்தில் கொடுத்துவைப்பதும் நல்லது. பேச்சோடு நின்ற புகாரைவிடக் கணக்குள்ள புகாருக்கு மதிப்பு அதிகம்.

எருமைகள் சொன்ன பாடம்

ராஜஸ்தானின் பரத்பூரில் மன்னரின் வாத்து வேட்டைக்களமாக இருந்த சதுப்பு நிலம் ஒன்று உண்டு. விடுதலைக்குப் பின் அதை வடித்துச் சாகுபடி நிலமாக்கக் கோரிக்கை எழுந்தது. சலீம் அலி பிரதமர் நேருவரை முறையிட்டு அதைக் காப்பாற்றினார். இன்று அது உலகப் புகழ்பெற்ற கேவலாதேவ் பறவைப் பூங்கா.

சுற்றுவட்டாரக் கிராமங்களின் எருமைகள் அங்கே காலங்காலமாக மேய்ந்துவந்தன. அவை பறவைகளுக்கு இடையூறு என்று கருதி, மேய்ச்சலைத் தடுக்க வேண்டுமெனச் சலீம் அலியும் அவருடைய கழகமும் வற்புறுத்தினர். 1982-ல் தடை வந்தது. கிராமத்தினர் எதிர்த்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

அதே கழகம் அங்கே சுமார் பத்து ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு, சலீம் அலி மறைந்த பிறகு வந்தது. எருமைகள் இல்லாமல்போனதும் ஒருவகை நீர்ப்புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பை அடைத்துவிட்டது. வாத்துகள் நீந்த இடம் குறைந்தது. பறவைகளின் எண்ணிக்கையும் சரிந்தது. எருமை மேய்ந்ததுதான் அத்தனை காலமும் சதுப்பைத் திறந்து வைத்திருந்தது என்று ஆய்வு சொன்னது.

பறவை என்ன தின்கிறது என்று பார்க்காமல் அதைப் பழிக்காதே என்றவர், எருமை என்ன செய்கிறது என்று முழுதாகப் பார்க்கும் முன் அதை விலக்கச் சொல்லிவிட்டார். அதனால் அவர் வாழ்நாள் உழைப்பு சிறுத்துவிடாது. அவர் கற்றுத்தந்த முறை சரியானது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்து, தங்கள் மூத்தவரின் முடிவே தவறு என்று எழுதியது அவர் வளர்த்த கழகம்தான். வற்றிய கண்மாயில் ஆட்டுக்கிடை போடுவதும் மாடு மேய்ப்பதும் நம் வழக்கம். கண்மாயையும் பறவையையும் காக்க விதிகள் வகுக்கும்போது, கரையில் வாழ்கிறவர்களையும் அவர்களுடைய கால்நடைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதைப் பரத்பூர் சொல்கிறது.

கடைசி ஆண்டுகள்

அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளைப் பற்றி 10 தொகுதிகள் கொண்ட பெருநூலை 1968 முதல் 1974 வரை சலீம் அலி வெளியிட்டார். முதல் தொகுதி வந்தபோது அவருக்கு வயது 72. 1976-ல் பத்ம விபூஷண் விருதும் அதே ஆண்டு சர்வதேச இயற்கைப் பாதுகாப்புப் பரிசும் கிடைத்தன. பரிசுப் பணத்தை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைத் திட்டத்திலிருந்து காக்கவும் குரல் கொடுத்தார். 1985-ல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987-ல் 90 வயதில் பம்பாயில் காலமானார். அவர் பெயரில் 1990-ல் கோவை அருகே ஆனைக்கட்டியில் பறவையியல் ஆய்வு மையம் அமைந்தது.

நாம் செய்யக்கூடியது

சலீம் அலியின் வழியில் நடக்க விலை உயர்ந்த தொலைநோக்கி அவசியமில்லை. பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்று போதும். தேதி, கண்மாயின் பெயர், நீர் எவ்வளவு இருக்கிறது, எந்தப் பறவை, எத்தனை, என்ன தின்றது என்று வாரம் ஒருமுறை எழுதலாம். பெயர் தெரியாவிட்டால் நிறம், அலகின் வடிவம், காலின் நீளம் ஆகியவற்றைக் குறித்தால் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். காலில் வளையம் உள்ள பறவை இறந்து கிடந்தால், வளையத்தில் உள்ள எண்ணை எழுதி வனத்துறையிடம் சொல்லலாம்.

கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு இருக்கும்போது வெட்டு நடக்காமல் பார்த்துக்கொள்வது, வண்டல் அள்ளும்போது நடுப்பள்ளத்தில் கொஞ்சம் நீர் தங்க விடுவது, சேற்றில் மேயும் பறவைகளுக்குப் பக்கத்தில் வெடி போடாமல் இருப்பது ஆகியவை ஊர் கூடிப் பேசி முடிவெடுக்கக்கூடிய விஷயங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தடுக்கக் கோரி, 1798-லேயே மாவட்ட ஆட்சியரிடம் உரிமை எழுதி வாங்கியவர்கள் அந்த ஊர் விவசாயிகள்தான். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

சித்திரை பிறந்தால் வாத்துகளும் சூறைக்குருவிகளும் போய்விடும். அதற்குள் இரண்டு காலைகள் கண்மாய்க் கரையில் நின்று பார்த்து, முதல் பக்கத்தை எழுதிவிடலாம். அடுத்த முறை அவை திரும்பி வரும்போது, எதை விரட்டுவது, எதை வரவேற்பது என்று உங்கள் நோட்டே சொல்லும்.